அரசமரத்தடியில் எழுந்த ‘வேண்டாம்’

கல்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போனால் வாயலூர். பாலாறு கடலைத் தொடும் இடம் அதுதான். ஒரு பாலம், ஒரு தடுப்பணை, அதற்குக் கிழக்கே மணல்மேடு, அப்புறம் கடல். 2023 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். கொழும்பில் நாடாளுமன்றத்துக்குப் போகும் சாலையில் காவி உடுத்திய பிக்குகள் கூட்டமாக நின்று ஒரு காகிதக் கட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இலங்கை அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பிரதி அது.

போனை நீட்டியவர் மன்னாரில் பிறந்தவர். 1990இல் பதினொரு வயதுச் சிறுவனாகப் படகில் வந்து இறங்கியவர். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். அகதி முகாமில் இல்லை, முகாமுக்கு வெளியே வாழப் பதிவு செய்துகொண்ட ‘வெளிப்பதிவு’ அகதி. விரல் நகங்களுக்குள் அன்றைக்கு அடித்த நீலம் அப்படியே இருந்தது.

“அண்ணை, இந்தப் பதின்மூண்டாம் திருத்தம் எண்டது என்னண்ணை? எங்கட அப்பாவும் சாகுமட்டும் இதைத்தான் கதைச்சவர். இண்டைக்கும் அதைத்தான் எரிக்கினம்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருட்டும்வரை சொல்லியும் முடியவில்லை. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் சில பக்கங்களைத் திருத்த முயன்றபோதெல்லாம் துறவாடை அணிந்தவர்கள் ஏன் குறுக்கே வந்து உட்கார்ந்தார்கள், அரசியல்வாதிகள் ஏன் அவர்களை உட்காரவைத்தார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஒரு மாலையில் சொல்லி முடிக்கிற கதை இல்லை.

ஆற்றின் மேல்கோடியில் ஒரு ராஜா

இதே பாலாற்றின் கரையோடு மேற்கே போனால் வேலூர் வருகிறது. அங்கே ஆற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அது. நாயக்கர் வழிவந்தவர், பிறப்பால் நம் பக்கத்துக்காரர். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்தார்கள், பிறகு வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார்.

மன்னரைப் பிடித்த கையோடு கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நாள் 1815 மார்ச் 2. நாடு பிரிட்டிஷ் முடிக்குப் போனது. ஆனால் அதன் 5ஆம் பிரிவு, பௌத்த மதத்துக்கு ஊறு வராது, அதன் சடங்குகளும் துறவிகளும் தலங்களும் காக்கப்படும் என்று உறுதி கொடுத்தது. சுதந்திரத்தை இழந்த அதே தாளில் மதத்துக்கு மட்டும் காப்பு எழுதி வாங்கிக்கொண்டார்கள். பின்னால் அந்த வாக்குறுதியையும் ஆங்கிலேயர் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். ராஜாவும் போய், கொடுத்த வாக்கும் போன பிறகு, பௌத்தத்தைக் காக்கத் தங்களை விட்டால் வேறு நாதி இல்லை என்ற எண்ணம் பிக்குகளிடம் ஆழமாக வேரூன்றியது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்தில் நின்று யோசித்தால் அந்தப் பயத்தின் இன்னொரு பக்கமும் புரியும். ஏழாம் நூற்றாண்டில் அடைக்கலம் தேடிவந்த சிங்கள இளவரசன் மானவம்மன் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனிடம் சேவகம் செய்தான். பல்லவர் படையின் துணையோடுதான் பின்னால் அனுராதபுரத்து அரியணை ஏறினான். அந்தக் கப்பல்கள் மாமல்லபுரத் துறையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இந்தக் கதையை நமக்காக எழுதிவைத்தது தமிழ்ப் புலவர்கள் இல்லை. சூளவம்சம் என்ற பாலி நூலை எழுதிய பிக்குகள். அதற்குப் பிறகு சோழர் படை வந்து அனுராதபுரத்தையே அழித்ததும் அதே நூலில் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து கப்பல் வந்தால் அங்கே ராஜாங்கம் மாறும் என்ற நினைவு அவர்களுடைய பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. நமக்கு இது சுற்றுலாத் தலம். அவர்களுக்கு இது ஒரு திசை.

ரோஸ்மீட் பிளேஸ் புல்வெளி

பிக்குகள் அரசியலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு, இறங்கலாம், அது அவர்கள் கடமை என்று 1946இல் களனி வித்யாலங்கார பிரிவெனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தின் பிக்குகள் பகிரங்கமாக அறிவித்தார்கள். அறிஞர் வல்பொல ராகுலர் அதே ஆண்டில் பிக்குவின் பாரம்பரியம் பற்றி எழுதிய நூல் அந்த வாதத்துக்கு முதுகெலும்பானது. அப்போது அதன் முகம் இடதுசாரி முகம். தொழிலாளியோடும் விவசாயியோடும் நிற்கவேண்டும் என்ற பேச்சு அதில் இருந்தது.

பத்தே வருஷத்தில் திசை மாறியது. 1956 தேர்தலில் எக்சத் பிக்கு பெரமுன என்ற அமைப்பு ஊர் ஊராகப் போய் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவுக்கு வாக்குச் சேகரித்தது. அதை முன்னின்று நடத்தியவர் களனி ரஜமகா விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர். காவிக்குள் இருந்த முழுநேர அரசியல்வாதி என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். பண்டாரநாயக்க ஜெயித்தார், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது.

அதே பண்டாரநாயக்க 1957 ஜூலை 26 அன்று தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கலாம், பிராந்திய சபைகள் அமைத்து விவசாயம், கல்வி, காணி போன்றவற்றில் அதிகாரம் கொடுக்கலாம் என்பதே அதன் சாரம். தனிநாடு இல்லை, கூட்டாட்சி கூட இல்லை. இன்றைக்கு நம் ஊரில் மாவட்ட ஊராட்சிக்கும் மாநில அரசுக்கும் நடுவில் எங்கோ வைக்கக்கூடிய ஓர் ஏற்பாடு.

எதிர்க்கட்சியில் இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். அது வழியிலேயே நின்றுபோனது. ஒப்பந்தத்தைச் சாய்த்தது வேறு. 1958 ஏப்ரல் 9 காலையில் ஏறக்குறைய 200 பிக்குகளும் இன்னும் சில நூறு பேரும் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழவில்லை. கடைசியில் பிரதமர் வெளியே வந்து ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். வாய்வார்த்தை போதாது என்றார்கள். எழுதிக் கொடுக்கப்பட்டது, அமைச்சர் விமலா விஜயவர்த்தன அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டு வாசல், ஏப்ரல் வெயில், உட்கார்ந்திருக்கும் துறவிகள். யாரும் ஆயுதம் எடுக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த ஒரு பிரதமர், தான் கையெழுத்துப் போட்டதைத் தானே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே தீவு முழுக்கக் கலவரம் வெடித்துத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பிரதமரின் கதி எல்லாருக்கும் தெரியும். 1959 செப்டம்பர் 25 அன்று அதே ரோஸ்மீட் பிளேஸ் வீட்டின் வராந்தாவில் தல்துவே சோமாராம என்ற பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. சதியின் தலைவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அவரை அரியணையில் ஏற்றிய அதே புத்தரக்கிதரை. கப்பல் வணிகம், சர்க்கரை ஆலை என்று அவர் எதிர்பார்த்த லாபங்கள் கைகூடாத கோபமும் அதில் கலந்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1967இல் சிறையிலேயே இறந்தார்.

1965இல் பிரதமரான டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். 1966 ஜனவரியில், அந்த ஒப்பந்தத்தின்படி வந்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் போலீஸ் சுட்டதில் ஓர் இளம்பிக்கு உயிரிழந்தார். ஒழுங்குவிதிகள் காகிதத்தில் நிறைவேறின, நடைமுறைக்கு வரவில்லை. மாவட்ட சபைகள் என்ற பேச்சையும் டட்லி கைவிட்டார்.

1972 அரசமைப்பு, பழைய அரசமைப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த காப்பை எடுத்துவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதியது. 1978இல் ஜெயவர்த்தன கொண்டுவந்த அரசமைப்பு எல்லா அதிகாரத்தையும் ஒரே அதிபரின் கையில் குவித்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போகும்போது ஆசியாவிலேயே நல்ல நிலையில் இருந்த நாடுகளில் ஒன்று என்று பெயர்பெற்ற தீவு, தன்னைத் திருத்திக்கொள்ளும் சக்தியை இப்படித் தவணை முறையில் இழந்தது.

வார்சாவில் ஒரு பிஷப்

இந்த இடத்தில் வேறொரு நாட்டைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் போலந்து. அதன் நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து ‘ஒப்பமாட்டேன்’ என்றால் கூட்டத்தொடரே கலைந்துவிடும். அந்த உரிமையைச் சுதந்திரத்தின் உச்சம் என்று பிரபுக்கள் கொண்டாடினார்கள். நாடு தேய்ந்துகொண்டே போனது, அண்டை ராஜ்ஜியங்கள் ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டன. விழித்துக்கொண்டவர்கள் 1791 மே 3 அன்று புதிய அரசமைப்பை நிறைவேற்றினார்கள். ஒற்றை ஆளின் தடையுரிமை ஒழிந்தது. ஐரோப்பாவில் எழுத்தில் வந்த முதல் நவீன அரசமைப்பு அது என்று சொல்வார்கள்.

அதை எதிர்த்தவர்களில் ஒருவர் பிஷப் யூசெஃப் கொஸகோவ்ஸ்கி. அங்கிக்குள் இருந்த அரசியல்வாதி. பழைய சுதந்திரத்தைக் காக்கிறோம் என்று சொல்லி 1792இல் ரஷ்யப் பேரரசியின் படையை நாட்டுக்குள் வரவழைத்த தர்கோவிட்சா கூட்டணியில் அவரும் சேர்ந்தார். புது அரசமைப்பு வீழ்ந்தது. 1794 மே மாதம் கிளர்ந்தெழுந்த வார்சா மக்கள் முன்னிலையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1795இல் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. திரும்பி வர 123 வருஷம் ஆனது.

இலங்கைப் பிக்குகள் யாரையும் நான் கொஸகோவ்ஸ்கியோடு ஒப்பிடவில்லை. அவர் அந்நியப் படையை அழைத்தவர், இவர்கள் அந்நியப் படை வரக்கூடாது என்று மறித்தவர்கள். என்னை உறுத்துவது ஒன்றுதான்: இரண்டு இடத்திலும் பழையதைக் காப்பாற்றுகிறேன் என்ற சொல், காப்பாற்ற வேண்டியதையே கரைத்துவிட்டது.

நாக விகாரையின் குரல்

இனி என் கட்டுரையின் நாயகருக்கு வருகிறேன். மாதுளுவாவே சோபித தேரர். 1942இல் ஹோமாகம பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கோட்டே நாக விகாரையின் தலைமைப் பிக்கு ஆனவர். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததில்லை. ஆனால் மேடையில் ஏறினால் கூட்டம் அசையாது என்பார்கள், அப்படிப்பட்ட சொல்வன்மை.

1986இல் ‘மவ்பிம சுரக்கீமே வியாபாரய’, அதாவது தாயகம் காக்கும் இயக்கம், உருவானது. சோபித தேரர் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். தமிழர்களுக்கு அதிகாரப் பகிர்வு என்ற பேச்சே கூடாது என்பது அதன் நிலை. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு போர் மூண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ராமேஸ்வரத்தில் அகதிப் படகுகள் வந்தபடி இருந்தன.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. நமக்கு அது மனிதாபிமானம். கொழும்பில் அதைப் பார்த்தவர்களுக்கு, மானவம்மன் காலத்துக் கப்பல் மறுபடி வந்ததுபோல் இருந்திருக்கும். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன் பிராந்திய சபைகளை எதிர்த்து நடந்த அதே ஜெயவர்த்தன, இப்போது மாகாண சபைகளுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் ஏவிவிட்டது அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

கையெழுத்துக்கு முந்தைய நாள் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புறக்கோட்டை அரசமரத்தடியில் பிக்குகள் உட்கார்ந்தார்கள். அரசமரம் அங்கே வெறும் மரம் இல்லை. புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் வழிவந்ததாகக் கும்பிடப்படும் மரம். அதன் அடியில் இருந்து எழும் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எந்தக் கட்சியின் தீர்மானத்துக்கும் இல்லாத கனம் உண்டு. கூட்டம் பெருகியது, கலவரமானது, போலீஸ் சுட்டது, ஊரடங்கு வந்தது. மறுநாளுக்கு மறுநாள், அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினான்.

13ஆம் திருத்த மசோதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகள் இருந்த அமர்வு 5க்கு 4 என்று பிரிந்தது. 1987 நவம்பர் 14 அன்று சட்டமானது. தமிழும் ஆட்சிமொழி என்று அது சொன்னது. ஒன்பது மாகாணங்களுக்கும் சபைகள், அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியல்கள் தந்தது. அதிபர் நியமிக்கும் ஆளுநர் கையில் மூக்கணாங்கயிறும் வைத்தது. நம் இந்திய மாநில அமைப்பின் சாயலும் நம் ஆளுநர் சிக்கலின் சாயலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

விடுதலைப் புலிகளும் இது போதாது என்று தள்ளினார்கள். தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுன (ஜே.வி.பி.) என்ற கட்சி, இது தேசத்துரோகம் என்று துப்பாக்கி எடுத்தது. ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசிய நடிகரும் அரசியல் தலைவருமான விஜய குமாரதுங்கவை 1988 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக்கொன்றார்கள். நடுவில் நின்று ‘இதையாவது பிடித்துக்கொள்வோம்’ என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சோபித தேரர் போன்ற ஒருவர் அன்றைக்கு மட்டும் அரசமரத்தடியில் வேறு ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. சிங்களக் கிராமம் அவர் பேச்சைக் கேட்டிருக்கும். அந்தத் தகுதி அவருக்கு இருந்தது, அதனால்தான் என் வருத்தமும் பெரிது.

எல்லாப் பிக்குகளும் ஒரே குரலில் பேசினார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2001இல் இலங்கை நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் பிக்கு பத்தேகம சமித தேரர், இடதுசாரி. அதிகாரப் பகிர்வை ஆதரித்தவர். ஆனால் 2004 ஏப்ரலில் ஜாதிக ஹெல உறுமய பிக்குகளையே வேட்பாளர்களாக நிறுத்தி 9 இடங்களைப் பிடித்தபோது, நாடாளுமன்றத்துக் காவியின் நிறம் எது என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் 2000 ஆகஸ்டில் அதிபர் சந்திரிகா குமாரதுங்க கொண்டுவந்த புதிய அரசமைப்பு மசோதாவையும் வெளியே பிக்குகள் எதிர்த்தார்கள், உள்ளே எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையிலேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள். மசோதா ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

பிக்குகளை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் பதவியேற்கும் எந்தத் தலைவரும் விரைவிலேயே கண்டிக்குப் போய், மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கர்கள் முன் மண்டியிட்டு வெற்றிலைக் கட்டு வைத்து வணங்கும் படம் பத்திரிகையில் வரும். தாங்கள் செய்ய விரும்பாததை எல்லாம் ‘சங்கத்தினர் ஒப்பவில்லை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அந்தப் படம் உதவியது. 1957இல் ஜெயவர்த்தனவுக்குக் காவி வேண்டியிருந்தது. 1966இல் அது பண்டாரநாயக்கவின் மனைவி ஸ்ரீமாவோ அம்மையாரின் கட்சிக்கு வேண்டியிருந்தது. 2000இல் எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சிக்கு வேண்டியிருந்தது. ஆளுங்கட்சி எதைக் கொடுக்க முன்வந்தாலும் எதிர்க்கட்சி அரசமரத்தடிக்கு ஓடியது. பெரிய பாவம் அங்கேதான் இருக்கிறது.

வயதான தேரர் வேறொன்றைக் கேட்டார்

2009இல் போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் 18ஆம் திருத்தம் வந்து, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக முடியாது என்ற வரம்பையும் நீக்கியது. எதிரியைத் தோற்கடிப்பதற்கென்று கொடுத்த அதிகாரம், எதிரி போன பிறகு திரும்பி வரவில்லை. பத்திரிகையாளர்கள் காணாமல் போனார்கள். 2013 ஜனவரியில் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அப்போதுதான் நாக விகாரையிலிருந்து வேறொரு குரல் வந்தது. எழுபது வயதைத் தொட்ட சோபித தேரர் நீதியான சமூகத்துக்கான தேசிய இயக்கத்தின் தலைவராக நின்று, நிறைவேற்று அதிபர் முறையை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார். வாழ்நாளில் ஓர் அரசமைப்புத் திருத்தத்தை மறித்தவர், இப்போது அரசமைப்பைத் திருத்தியே ஆகவேண்டும் என்று வீதிக்கு வந்தார். அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சவை எதிர்த்துப் பொதுவேட்பாளராக அவரே நிற்கக்கூடும் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. கடைசியில் மைத்திரிபால சிறிசேன நின்றார். 2015 ஜனவரி 8 அன்று ராஜபக்ச தோற்றார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்களும் முஸ்லிம்களும் திரண்டுபோய்ப் போட்ட வாக்குகள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. 1987இல் சோபித தேரர் யாருக்கு அதிகாரம் போகக்கூடாது என்று உட்கார்ந்தாரோ, அவர்களுடைய விரல் மையும் சேர்ந்துதான் அவருடைய கடைசிக் கனவைத் தூக்கிப் பிடித்தது.

2015 ஏப்ரலில் 19ஆம் திருத்தம் நிறைவேறியது. அதிபரின் அதிகாரம் குறைந்தது, ஒழியவில்லை. வாக்குறுதிகள் இழுபடுவதைப் பார்த்துத் தேரர் தன் ஆட்களையே கண்டித்தார். அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். அரச மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. நிறைவேற்று அதிபர் முறையை ஒழித்தே தீருவேன் என்று சிறிசேன அவர் சடலத்தின் முன் சபதம் செய்தார்.

அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. 2020இல் அதிபர் கோத்தபய ராஜபக்ச 20ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து 19ஐ அழித்தார். ஒரே ஆளின் கையில் எல்லா முடிவும் சேர்ந்தது. இரவோடு இரவாக ரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மார்ச்சிலேயே தனுஷ்கோடி மணலில் மறுபடி படகுகள் வந்து இறங்கின. இந்த முறை குண்டுக்குப் பயந்து இல்லை, பால்மாவும் அரிசியும் வாங்க முடியாமல். மே 18 அன்று தமிழ்நாடு அரசு அனுப்பிய முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்துகளோடு கிளம்பியது. சிங்களர், தமிழர் என்று பிரிக்காமல் இலங்கை மக்கள் எல்லாருக்கும் என்று சொல்லி அனுப்பியதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மானவம்மனோடு போன கப்பலை எழுதிவைத்த பிக்குகளின் வாரிசுகள் இந்தக் கப்பலையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் 2023இல், அப்போது அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்க 13ஆம் திருத்தத்தை முழுதாக அமல்படுத்துவேன் என்றதும், முப்பத்தைந்து வருஷமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஒன்றை நடைமுறைப்படுத்தக் கூடாது என்று சொல்லிப் பிக்குகள் அதைக் கொளுத்தினார்கள். எரித்தவர்களில் பலர் 1987இல் பிறந்திருக்கவே மாட்டார்கள் என்று தோன்றியது. வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013இல்தான். 2014க்குப் பிறகு எந்த மாகாணத்துக்கும் தேர்தல் இல்லை. சபைகள் எல்லாம் கலைந்து ஆளுநர்கள் ஆள்கிறார்கள். அன்று 13ஐ எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபராகிவிட்டார். புதிய அரசமைப்பு கொண்டுவருவோம் என்பது அவர்களுடைய வாக்குறுதி. அடுத்த அரசமரத்தடியில் யார் உட்காருவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. செங்கல்பட்டிலேயே ஒரு காலத்தில் சிறப்பு முகாம் இருந்தது. வழக்கு முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் உண்ணாவிரதம் இருந்த செய்திகள் மாதத்துக்கு ஒருமுறை வரும். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும் நாம் எட்டிப் பார்க்காமலே போயிருக்கிறோம். இலங்கையில் பிறக்காமல், இங்கேயே பிறந்து, இங்கேயே பி.காம். முடித்து, இன்னும் எந்த நாட்டுக் குடிமகளாகவும் ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பெயின்டர் அண்ணனின் மகளும் அதில் ஒருத்தி.

இரண்டாம் முறை அவரைப் பார்த்தது சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது. டச்சுக்காரர்கள் இங்கே துணி வியாபாரம் பார்த்த அதே காலத்தில் மன்னாரையும் ஆண்டார்கள் என்று சொன்னேன். சிரித்தார். டீ குடித்ததும் டிபன் பைக்குள் கையை விட்டு, பால் பாக்கெட் கவரில் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்புகளில் நைந்து, ஒரு மூலை கரையான் தின்று போயிருந்தது. அவருடைய அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த வயல் பெர்மிட்.

“உறுதிக் காணி இல்லை அண்ணை, பெர்மிட் காணி. ரெண்டு ஏக்கர். இதை ஆர் பார்க்கோணும், கொழும்போ மாகாணமோ?”

காணி மாகாணப் பட்டியலில்தான் இருக்கிறது என்றேன். அரசாங்கக் காணிக்குத் தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமைக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. இதுவரை அமைக்கவே இல்லை என்றேன்.

அவர் காகிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்துக் கவருக்குள் வைத்தார். வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“மாகாணசபை எலக்சன் வச்சா இதைக் கொண்டுபோய்க் காட்டலாம், என்னண்ணை?”

பட்டி காய்ந்துவிடும் என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தகட்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.